எக்ஸ் போட்ட வீடு

எங்கள் வீட்டு முன்சுவரில், கரண்ட் மீட்டர் பெட்டிக்குக் கீழே, சாக்பீஸில் போட்ட ஒரு எக்ஸ் ரொம்ப நாள் இருந்தது. மழை பெய்தால் தானாகப் போய்விடும் என்று விட்டுவைத்தேன். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச் மாதத்தில் மழைக்கு எங்கே போவது? கேரளா என்றதும் எல்லாரும் நினைக்கிற மழை எங்கள் ஊருக்கு வருவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். பனையும் தென்னந்தோப்பும் கணவாய்க் காற்றும்தான் இங்கே. ஒருநாள் என் மாமியார் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்கப் போனார்கள். "இருக்கட்டுங்க அத்தை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. வீம்பாக இருக்கலாம்.

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, போலியோ சொட்டு மருந்து நாள். பூத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடி அதற்குப் பிறகு வீடு வீடாக வருவார்கள். வீட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் போட்டாயிற்று என்றால் சுவரில் பி என்று எழுதுவார்கள், ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலும் எக்ஸ். எங்கள் வீதிக்கு வருகிற ஆஷா (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்) சேச்சி என் இரண்டு பிரசவத்துக்கும் இரும்பு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தவர். "துள்ளிமருந்து கொடுத்தில்லல்லோ" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். என் மகளுக்கு அப்போது மூன்றேகால் வயசு. கார்ட்டூனில் வருகிற மாதிரி ஓடிவந்து வாயை ஆ என்று திறந்து நின்றாள். நான் பின்னாலிருந்து என் கையால் அவள் வாயைப் பொத்தினேன். அப்படிச் செய்திருக்க வேண்டாம், வாயால் சொல்லியிருந்தாலே சேச்சி நிறுத்தியிருப்பார். ஆனால் கை முந்திக்கொண்டது.

டாக்டர் கொடுத்த லெட்டரைக் காட்டினேன். இங்கிலீஷில் அரைப் பக்கம். சேச்சி அதை போனில் படம் பிடித்து சுகாதார சப் சென்டர் சிஸ்டருக்கு அனுப்பினார், போன் வந்தது, தலையாட்டினார். எல்லாம் புரிந்துகொண்டார். அப்புறம் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். "எனிக்கு மனசிலாயி. பட்சே கொடுக்காத்த குட்டி உண்டெங்கில் எக்ஸ் தன்னே மோளே" என்றார். எனக்குப் புரிகிறது, ஆனால் கொடுக்காத பிள்ளை இருந்தால் எக்ஸ்தான் மகளே என்று அர்த்தம். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. 2011 ஜனவரிக்கு அப்புறம் இந்த நாட்டில் இயற்கையான போலியோ ஒரு பிள்ளைக்கும் வரவில்லை, 2014இல் சான்றிதழும் வாங்கினோம் என்றால், அதற்குக் காரணம் இப்படி யார் வீட்டுச் சுவரிலும் தயவு பார்க்காமல் எழுதிய சாக்பீஸ்தான். ஆனாலும் எங்கள் வீதியில் அன்றைக்கு இருபத்திரண்டு பி, ஒரே ஒரு எக்ஸ். மகள் அன்று முழுக்க சுண்டுவிரலில் மை வைக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். கடைசியில் என் பேனாவால் நானே வைத்துவிட்டேன்.

டான்சில் இல்லாத தொண்டை

சொட்டு மருந்து வேண்டாம் என்றது அவளுக்காக இல்லை, அவள் அண்ணனுக்காக. மூத்தவன் 2017இல் பிறந்தவன். முதல் ஆறு மாதம் சும்மா கொழுகொழுவென்று இருந்தான். எட்டாம் மாதம் காதில் சீழ் வடிந்தது, அது நிற்பதற்குள் இன்னொரு காது. ஒரு வயசு முடிந்ததும் நிமோனியா, நாலு மாதம் கழித்து மறுபடியும் நிமோனியா. எங்கள் அம்மா "கணைச்சூடு" என்று உரைமருந்து உரசினார்கள், மாமியார் வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள், நான் ஆன்டிபயாடிக் சிரப்பைத் தண்ணீர் கலந்து குலுக்கிக்கொண்டே இருந்தேன். பிரிட்ஜ் கதவில் எப்போதும் ஒரு பாட்டில் நின்றது. ஒரு ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், "ஃபீடிங் பாட்டிலைச் சரியா கழுவறீங்களாம்மா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கோயமுத்தூரில் கடைசியாகப் பார்த்த டாக்டர் வயசானவர், அவசரமே படாத ஆள். ரிப்போர்ட் கட்டை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, மடியில் உட்கார்ந்திருந்தவனின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். "இத்தனை தடவை சளி பிடிச்ச பிள்ளைக்கு டான்சில் இந்நேரம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கணும். இவனுக்கு டான்சிலே காணோமே" என்றார். அதுவரை ஆறு டாக்டர் அவன் தொண்டையைப் பார்த்திருந்தார்கள். எல்லாரும் அங்கே என்ன இருக்கிறது என்று தேடினார்கள், இவர் ஒருவர்தான் இல்லாததைப் பார்த்தார்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை, அதற்கும் மேல் மரபணுப் பரிசோதனை. நோய்க் கிருமியை எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் என்ற புரதத்தைச் சுரப்பது ரத்தத்தில் இருக்கும் பி செல்கள். அந்த செல்கள் இவனுக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பிடிகே என்ற ஒரு மரபணுவில் எழுத்துப் பிழை. முதல் ஆறு மாதம் நன்றாக இருந்தது எப்படி என்று கேட்டேன். "அது உங்களோடதும்மா. வயித்துல இருக்கும்போது நீங்க குடுத்து அனுப்பினது. அது தீர்ந்ததும் சொந்தமா உற்பத்தி பண்ணணும். இவனால முடியல" என்றார். அப்புறம் ஒரு தாளில் இரண்டு எக்ஸ் எழுதினார், எனக்குள் இருக்கிற இரண்டு எக்ஸ் குரோமோசோம். அதில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டம் போட்ட எக்ஸ் மகனுக்குப் போனால் அவனுக்கு நோய், மகளுக்குப் போனால் அவளுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அவள் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவாள். ஒவ்வொரு தடவையும் பூவா தலையா கணக்குத்தான்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்னாலேயே, 1989இல், இரண்டு வயசில் போய்விட்டான். "சளி முத்திருச்சு" என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. இந்த நோயை 1952இலேயே ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் ஒரு எட்டு வயசுப் பையனிடம் கண்டுபிடித்து, மற்றவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த காமாகுளோபுலினை மாதாமாதம் ஊசியாகப் போட்டு அவனைத் தேற்றியிருக்கிறார். அதாவது என் அண்ணன் சாவதற்கு 37 வருஷத்துக்கு முன்னால். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிவிட்டேன். "என்ற வயித்துல வந்த வெனைதானா" என்று கேட்டுவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்கள்.

இருபத்தெட்டு நாள்

மூத்தவனுக்கு அந்தப் புரதம் மருந்தாகப் பாட்டிலில் வருகிறது. பத்து முதல் பதினெட்டு கிலோ எடைக்கு ஐந்து கிராம் பாட்டில் ஒன்றிலிருந்து இரண்டு, இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை. ஏற்றின புரதம் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் இந்தக் கணக்கு. ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாக, அரை மணிக்கு ஒரு தடவை வேகத்தைக் கூட்டி, ஏற்றி முடிக்க அரை நாள் ஆகிவிடும். வேகம் ஜாஸ்தியானால் குளிர் நடுக்கம், தலைவலி. பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உறையவிடக் கூடாது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள். பால் குளிரூட்டும் தொட்டியில் 4 டிகிரி நிற்கிறதா என்று தினமும் இரண்டு வேளை பார்த்துப் பார்த்து ஊறிய கண். அதனால் ஆஸ்பத்திரி பிரிட்ஜைத் திறந்தால் முதலில் தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பேன், நர்ஸுகளுக்கு அது பிடிக்காது.

ஆயிரக்கணக்கான பேரின் பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் அந்த மருந்தைப் பிரித்தெடுக்கிறார்கள். நிறமே இல்லாத மாதிரி, கொஞ்சம் நுரைக்கிற தண்ணீர். யாரோ சின்ன வயசில் பட்ட அம்மை, யாரோ போட்டுக்கொண்ட தடுப்பூசி, அதெல்லாம்தான் அதில் கரைந்திருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்ட கருஞ்சீரகம், சீந்தில், என்னென்னவோ கஷாயம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு. பாசத்தில்தான் அனுப்புகிறார்கள், தெரியும். பத்தாயத்தில் நெல்லே இல்லாத வீட்டில் குத்துவதற்கு உலக்கை கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி.

பாட்டில் ஏறினாலும் முன்னால் நடந்த சேதம் போகாது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழல் விரிந்து தொளதொளவென்று ஆகிவிட்டது, அங்கே சளி தேங்கும். காலையும் சாயங்காலமும் அவனைத் தலையணை மேல் தலைகீழாகச் சாய்த்துப் படுக்கவைத்து, உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவித்து, முதுகில் பத்து நிமிஷம் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் தொப் தொப் என்று காலிச் சொம்பைத் தட்டுகிற சத்தம் வரும், பளார் என்று கேட்டால் கை தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். என் மாமியாருக்கு அந்தச் சத்தம் என்னைவிட நன்றாக வரும். இடது காது பாதிதான் கேட்கும், மிஷின் வைத்திருக்கிறான். முட்டி சில மாதங்களில் வீங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொருவருக்கும் ஒரு கிழமை. 2020 ஏப்ரலில் எல்லையை மூடியபோது கோயமுத்தூருக்கு இருக்கிற இந்த முப்பது கிலோமீட்டர் சொச்சம் முந்நூறு கிலோமீட்டர் ஆன கதை தனிக்கதை, அதற்குள் இப்போது போகவில்லை.

சரி, சொட்டு மருந்துக்கு வருகிறேன். அதில் இருப்பது வலுக் குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ். போட்டுக்கொண்ட பிள்ளையின் குடலில் கொஞ்ச வாரம் பெருகி மலத்தில் வெளியேறும். மற்றவர்களுக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, நல்லதுகூட. ஆனால் எதிர்ப்புப் புரதம் சுரக்காத ஒரு உடம்புக்குள் போய் உட்கார்ந்தால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட வெளியேறாமல் தங்கி, மெல்ல மெல்ல மாறி, பழைய வலுவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மூத்தவனுக்கே பிறந்த அன்றும், அப்புறம் மூன்று தடவையும் தெரியாமல் போட்டுத்தான் இருந்தோம். நோய் தெரிந்த பிறகு அவன் மலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கு மும்பைக்கு அனுப்பினார்கள், ஒரு மாதம் விட்டு இரண்டு தடவை. இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆக, இந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் வாய்வழிச் சொட்டு கிடையாது. 2020இல் மகள் பிறந்தபோது பிரசவ வார்டில் மயக்கம் தெளியும் முன்னாலேயே "சொட்டு போட்றாதீங்க" என்று உளறினேனாம். அவளுக்கு உயிரில்லாத வைரஸில் செய்த ஊசி போட்டாயிற்று. அம்மைத் தடுப்பூசி உட்பட மற்ற எல்லாம் நாள் தவறாமல் போட்டாயிற்று.

இதெல்லாம் ஒரு எக்ஸில் எங்கே தெரியப்போகிறது?

அடுத்த வளவு

எக்ஸ் போட்டு இரண்டு வாரம் இருக்கும். ஆஷா சேச்சி வேறு வேலையாக வந்தவர், போகிற போக்கில் சொன்னார். அடுத்த வளவுப் பெண் தன் பத்து மாசக் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்றுவிட்டாள். ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய அம்மை ஊசி. அதற்கு முன்னால் போட்ட ஊசியில் தொடை வீங்கி மூன்று நாள் காய்ச்சல், அதிலிருந்து அவள் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அது எங்கேயும் நடக்கிறதுதான். ஆனால் இந்தத் தடவை அந்தம்மா சேச்சியிடம் எங்கள் சுவரைக் காட்டியிருக்கிறார்கள். "படிச்ச பொண்ணு, மாசாமாசம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போறவ, அவளே டாக்டர் லெட்டர் வாங்கி வெச்சிட்டு வேண்டாம்கறா. அப்ப அதுல என்னமோ இருக்குதுதானே?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வளவுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். அந்தக் குழந்தை தவழ்ந்து வந்தால் எங்கள் திண்ணைக்குத்தான் வரும். தட்டம்மை வந்த ஒருவர் இருந்துவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரைக்கும் அந்த வைரஸ் காற்றில் இருக்கும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே அடிவாங்கிய நுரையீரலை வைத்துக்கொண்டு பாட்டிலில் வருகிற அடுத்தவர் எதிர்ப்பை நம்பி வாழ்கிறவன் என் பிள்ளை. அவனைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று இந்த வீதியிலேயே அதிகம் ஆசைப்படுகிறவள் நான்தான். அந்த நான்தான் இப்போது ஊசிக்கு எதிரான சாட்சி.

போய்ச் சொன்னால் தீர்ந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் இந்த நோய்க்கு வெளியே சொல்கிற பேர் "வீசிங்". சொந்தபந்தம் எல்லாருக்கும் வீசிங். காரணம் என் தங்கச்சி. அவளுக்கு அப்போது இருபத்தாறு, உடுமலைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்து, ஜாதகம் பார்த்து, பொருத்தமும் வந்து, பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தாய்வழியா ஆம்பளப் பிள்ளைக்கு வர்ற நோவு" என்று ஒரு வார்த்தை வெளியே போனால் எங்கே போய் முட்டும் என்று அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வாசற்படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் சாக்கு மேல் உட்கார்ந்து தோலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. மகளின் தடுப்பூசிக் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். "இங்க பாரு கண்ணு, எல்லாம் போட்டிருக்குது, இந்தச் சொட்டு ஒண்ணுதான் இல்ல" என்று காட்டினேன். அவள் கார்டைப் பார்க்கவே இல்லை. "அதாங்க்கா, அந்த ஒண்ணு ஏன் இல்ல?" என்றாள்.

நியாயமான கேள்வி. வீசிங்குக்கும் சொட்டு மருந்துக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. நான் அலர்ஜி என்று சொல்லியிருக்கலாம். அலர்ஜி என்றால் அவளுக்கும் அதே பயம்தான் வரும், ஊசியில் என்னமோ இருக்கிறது என்பது உறுதியாகிவிடும். பொய்யில் எதை எடுத்தாலும் அவள் மாமியார் பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. நானும் ஒரு கைப்பிடி கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன், கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. டான்சில் இல்லாததிலிருந்து ஆரம்பித்து, பாட்டில், நுரையீரல், சொட்டில் இருக்கிற உயிர் வைரஸ், அது மகள் மூலமாக அண்ணனுக்கு வரலாம் என்பது வரைக்கும் சொன்னேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது எப்படீங்க்கா வருது? என்ற பொண்ணுக்கும் இருக்குமோ?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த பயத்தை எனக்குத் தெரியும். "பொம்பளப் பிள்ளைக்கு வராது கண்ணு. இது தாய்கிட்ட இருந்து பையனுக்குப் போறது. என்கிட்ட இருந்து போச்சு. எங்கம்மாகிட்ட இருந்து எங்கண்ணனுக்குப் போச்சு" என்றேன்.

தங்கச்சி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, ஊருக்கே தெரியும் எங்கள் அம்மாவுக்கு இரண்டு பெண் என்று.

அடுத்த புதன்கிழமை அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சப் சென்டருக்குப் போனாள். மாமியாரிடம் என்ன சொன்னாளோ. அம்மை ஊசியும் விட்டுப்போன தவணைச் சொட்டும் போட்டுக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்து, "போட்டாச்சுங்க்கா" என்று குழந்தையை நீட்டினாள். நான் இரண்டடி பின்னால் போனேன். சொட்டு போட்ட குழந்தை. நாலு வாரம், கூடுமானால் ஆறு வாரம், கிட்டே விட வேண்டாம் என்பது டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருந்த கணக்கு. போடச் சொல்லிப் படி ஏறிப்போனவளும் நான்தான், போட்டு வந்ததும் கிட்டே வராதே என்றவளும் நான்தான். அவள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. அப்புறம் அன்றைக்குச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "அட, ஆமால்ல" என்றபடி திரும்பிப் போனாள்.

தங்கச்சி

உடுமலைக்காரர்கள் ஒரு மாதத்துக்குள் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருத்தம் பார்த்து எழுதிக் கொடுத்தவரே அவர்கள் ஜோசியர்தான். வீதியிலிருந்து சேதி எந்த வழியாகப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து யாரைக் கேட்பது, வாயைத் திறந்தவள் நான்.

தங்கச்சி போனில் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உன்ற பையனுக்கு வேணும்னா உன்ற விஷயத்தைச் சொல்லு. என்ற உடம்புல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது, அதை நீ எதுக்குக் கண்டவங்க வாசப்படியில உக்காந்து சொல்லிட்டு வந்தே?" அப்புறம் நாலு மாதம் பேசவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தயிரும் முருங்கைக்காயும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் நல்ல காரியம் செய்தேன் என்று இதைப் படிக்கிற சிலர் எழுதுவீர்கள். அதை என்னால் முழுசாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தக் குழந்தைக்காகத்தான் போனேனா என்று கேட்டால், இல்லை, என் பையன் பக்கத்தில் ஊசி போடாத ஒரு பிள்ளை வளரக் கூடாது என்று போனேன். அதற்கு என் தங்கச்சியின் கல்யாணத்தைக் கொடுத்தேன், அவளிடம் கேட்காமல். முன்னாலேயே கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்றிருப்பாள், நானும் அதை மீறிப் போயிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். இந்த நோயே இப்படித்தான், யார் உடம்பில் என்ன இருக்கிறது என்பது ஒருவரோடு நிற்பதில்லை. என் மகளுக்கு அந்த வட்டம் போட்ட எக்ஸ் வந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். அவளுக்கு அதனால் இப்போது ஒரு தொந்தரவும் இல்லை, வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்று டாக்டர் தள்ளிவைத்துவிட்டார். அந்த மரியாதையை ஐந்து வயசு மகளுக்குக் கொடுக்கிற நான் இருபத்தாறு வயசுத் தங்கச்சிக்குக் கொடுக்கவில்லை.

தீபாவளிக்கு அவளே வந்தாள். வந்ததும் மூத்தவனைக் குப்புறப் படுக்கப்போட்டு முதுகு தட்ட ஆரம்பித்தாள், கேட்காமலே. பளார் பளார் என்று சத்தம் வந்தது, "சித்தி, கையைக் குழிச்சுக்கோங்க" என்று அவன் தலையணைக்குள்ளிருந்து திருத்தினான். தட்டிக்கொண்டே, பரிசோதனை செய்துகொண்டேன் என்று சொன்னாள். தனியாகப் போய், சொந்தச் சம்பளத்தில். ரிசல்ட் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். இந்தக் கட்டுரையை அவளிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன், இரண்டு பத்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

மகளுக்கு ஐந்து வயசு முடிய ஒரு மாதம் இருக்கும்போது மறுபடியும் ஒரு சொட்டு மருந்து ஞாயிறு வந்தது. ஆஷா சேச்சி வந்தார், லெட்டரைக் கேட்கவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்தார், மீட்டர் பெட்டிக்குக் கீழே அதே இடத்தில் எக்ஸ் போட்டார். அடுத்த வளவில் பி. அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டரை வயசு, பேச்சு நிற்காது. மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு என் மகளோடு மணிக்கணக்கில் கதை பேசும், தாண்டி மட்டும் வராது. அவள் அம்மா உள்ளேயிருந்து தினமும் சாயங்காலம் கேட்பாள், "அக்கா, இன்னைக்கு எத்தனாவது நாளு?" காலண்டரில் மூத்தவனின் பாட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே குட்டிக்குச் சொட்டு போட்ட நாளையும் குறித்து வைத்திருந்தேன். முப்பத்திரண்டாம் நாள் அந்தக் குட்டி ஒரு கொய்யாக்காயை மதில் மேல் வைத்துவிட்டு, "அண்ணாவுக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனது. ஒரு பக்கம் கடித்திருந்தது. அதைத் தென்னைக்குழியில் போட்டுவிட்டு, எங்கள் மரத்திலேயே அதே அளவில் ஒன்றைப் பறித்து, கழுவி, தோல் சீவி, அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டான், பாப்பா கொடுத்தது என்றேன்.